ஒதுக்கி வைத்த நாட்கள்

அத்தியாயம் 17

சென்ற வாரம் மாரக்காள் வீட்டுச் சுவரில் ஒரு கோடு ஏறியது. அந்த வாரத்தைத் தவறவிட்டவர்களுக்காக அதைக் கொஞ்சம் சொல்லிவிட்டுத் தொடங்கலாம்.

மாரக்காள் சேவூர் ரோட்டில் இருக்கும் நூல்மில்லில் சைடு பார்ப்பவள். ஓடுகிற மிஷின் வரிசையில் மேலும் கீழும் நடந்து, அறுந்த இழையை ஒட்டிக்கொண்டே இருக்கவேண்டிய வேலை அது. மில் பங்குச் சந்தைக்குப் போனபோது தொழிலாளர்களுக்கென்று கொஞ்சம் பங்கு ஒதுக்கினார்கள். பலர் வேண்டாம் என்றார்கள். மாரக்காள் வாங்கிப் போட்டாள். பிறகு அதை மறந்தும் போனாள்.

இப்போது அந்தப் பங்கை விற்றால் தெரிந்தவளான ராமாயியின் வீட்டைப் போக்கியத்துக்கு எடுக்கலாம். மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் குடியிருக்கலாம். வாடகை நின்றால் மாரக்காள் மில்லுக்குப் போகவேண்டியதில்லை. அவளுடைய காலில் நரம்பு சுருண்டு புடைத்து, சாயங்காலமானால் செருப்புக்குள் பாதம் போகாது.

மகள் மோனிஷாதான் குறுக்கே ஒரு கணக்கோடு வந்தாள். அவள் பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறாள். கல்லூரியைப் பாதியில் விட்டவள். போனில் இலவசப் பாடம் பார்த்து, கம்பெனி கம்ப்யூட்டரில் சாப்பாட்டு நேரத்தில் போட்டுப் பார்த்தாள். கீழே தேதி, பக்கத்தில் விலை, நாளுக்கு ஒரு புள்ளி. அத்தனை புள்ளிக்கும் நடுவில், எல்லாவற்றுக்கும் கூடியவரை பக்கமாக இருக்கும்படி ஒரே ஒரு நேர்கோடு. அதற்கு லீனியர் ரிக்ரஷன் என்று பெயர் என்றாள்.

"அதென்ன கண்ணு, மருந்துப் பேராட்ட இருக்குது," என்றார் அப்பா லிங்கசாமி.

கோடு ஏறியது. அதே சாய்வில் இழுத்துக்கொண்டு போனால் தை மாதம் எங்கே நிற்கும் என்பதும் தெரிந்தது. தையில் விற்றால் போக்கியப் பணம் போக, மகன் தரணீதரனுக்கு இரண்டு தையல் மிஷினும் வாங்கலாம். அவன் ஒரு கம்பெனியில் டைலர். சொந்தமாக நாலு மிஷின் போட்டு கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் எடுக்கவேண்டும் என்பது அவனுடைய பேச்சு.

அவன்தான் கோட்டைப் பிரிண்ட் எடுத்து, முருகன் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டினான். புதிதாக வீட்டுக்குள் வந்த எதற்கும் வைப்பதுபோல மாரக்காள் அதற்கும் நாலு மூலையில் மஞ்சளும் குங்குமமும் வைத்தாள். ஒரு பொட்டு தவறிப்போய்ப் புள்ளிகளுக்கு நடுவில் விழுந்தது.

"அந்தப் பொட்டும் ஒரு வெலைதானா கண்ணு?" என்று கேட்டார் லிங்கசாமி.

தை வரைக்கும் மில்லுக்குப் போகிறேன் என்று மாரக்காள் ஒத்துக்கொண்டாள். இப்போது கார்த்திகை.

* * *

புதன்கிழமை காலை. மில் வண்டி வருவதற்கு முன்னால் மாரக்காள் காலில் துணிப்பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். ஈரத் தலையோடு தரணீதரன் வந்து நின்றான்.

"ராமாயிக்கா என்ன சொல்றாங்க?"

"இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஆமாவா இல்லையான்னு சொல்லோணுமாம். அவிநாசிப் பக்கத்துல இருந்து வேற ஒருத்தரு வந்து ஊட்டப் பாத்துட்டுப் போயிருக்கறாங்க."

"தையில தர்றோம்னு சொல்லுங்கம்மா."

"சொன்னேன். தைக்கு அவங்க மகனுக்குப் பணம் ஆகாதாம். இப்பத்தான் வேணுமாம்."

"அப்ப இந்த ஊடு வேண்டாம். திருப்பூர்ல ஊட்டுக்கா பஞ்சம்? இப்பப் போயி வித்தா நட்டமுங்கம்மா. கோடு எப்படிப் போகுதுன்னு பாருங்க." சுவரைக் காட்டினான்.

மாரக்காள் பார்த்தாள். அவளுக்கு அது ஒரு கோடு. தினமும் பார்க்கிற ஆயிரம் இழையில் அறுகாத ஒன்றைப்போல இருந்தது.

"ஏனம்மிணி, வெடியக்காலைல கோட்டப் பாத்துட்டே நிக்காத. வண்டி போயிரும்," என்றார் லிங்கசாமி. அவர் குட்டி யானை வண்டி ஓட்டுகிறார். சாயப்பட்டறையில் இருந்து துணியை ஏற்றிக்கொண்டு போய் வேறு இடத்தில் இறக்குவது அவர் வேலை.

"நீங்களாவது ஒண்ணு சொல்லுங்க. ராமாயிக்காகிட்ட என்னன்னு சொல்றது?"

"இதுல என்றது என்ன இருக்குது? உன்ற ஷேரு, உன்ற காலு."

"காலு என்றதுதான். தெனமும் அதுமேல ஏறி உக்காந்துக்கறது நீங்க எல்லாருந்தான்," என்றாள் மாரக்காள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். மற்றவர்களும் சிரித்தார்கள். சிரிப்பு முடிவதற்குள் வண்டிச் சத்தம் கேட்டது.

படியில் இறங்கும்போது மகளிடம் சொன்னாள்: "ஷிப்ட்டு உட்டு வந்து ராமாயிக்காளுக்கு வேண்டாம்னு சொல்லீர்றேன் கண்ணு. உன்ற கோடு இருக்குதில்ல."

மோனிஷா தலையை ஆட்டினாள்.

* * *

செக்கிங் டேபிளில் அன்றைக்குக் குழந்தைகளின் டீ ஷர்ட். சரக்கை வாங்கும் வெளிநாட்டு பையருடைய ஆள் மறுநாள் வருகிறான். அதனால் எல்லாக் கையும் வேகமாக ஓடியது.

மோனிஷாவுக்குப் பக்கத்தில் சபிதா. ஒடிசாவில் இருந்து வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. இரண்டு பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். மோனிஷாவைவிட வயதில் மூத்தவள். தமிழைத் துண்டு துண்டாகப் பேசுவாள், ஆனால் எதையும் கேட்காமல் விடமாட்டாள்.

டேப்பை டீ ஷர்ட்டின் நெஞ்சில் வைத்து அளந்தாள் சபிதா. அளவைவிடக் கொஞ்சம் அதிகம். குறையைக் காட்டும் அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டப் போனாள். மோனிஷா கையைத் தடுத்தாள்.

"அது பாஸ். விடுங்க."

அடுத்த பீஸ். அதே அளவுக்குக் குறைவு. சபிதா அதை நல்ல பீஸோடு சேர்த்தாள். மோனிஷா எடுத்து, ஸ்டிக்கர் ஒட்டி, ரிஜெக்ட் பெட்டியில் போட்டாள்.

"அது எவ்ளோ பெரிசு, இது அவ்ளோ சின்னது. ரெண்டும் தப்புதானே? பெரிசு ஓகே, சின்னது மட்டும் ஏன் ரிஜெக்ட்?"

"பெருசு ஒரு தடவ தொவைச்சா சுருங்கி அளவுக்கு வந்துக்கும். சின்னது எத்தன தொவைச்சாலும் வளராதில்லீங்க."

"அப்போ கம்பெனில பாக்கி இருக்கறது எல்லாம் பெரிசு பெரிசுதான்," என்றாள் சபிதா. கணக்குச் சரியாக வந்ததுபோல அடுத்த பீஸை எடுத்தாள்.

மோனிஷா கையில் இருந்த டேப் அப்படியே நின்றது.

கோடு போட்ட முதல் நாள் அவளுக்குப் புள்ளிகள் கண்டபடி கிடந்தன. சில நாட்கள் கோட்டுக்கு வெகு கீழே. பாடத்தில் சொன்னவர், மற்றவற்றோடு ஒட்டாமல் தூரமாக நிற்கும் புள்ளியை எடுத்துவிட்டுப் பார்க்கலாம் என்றார். யோசித்து எடுக்கவேண்டும் என்றும் சொல்லியிருப்பார். மோனிஷா யோசிக்கவில்லை. அது அவளுடைய அன்றாட வேலை. அளவுக்குக் குறைந்ததைக் கண்டால் கை தானாக ஒதுக்கும். ஒதுக்கினாள். மேலே நின்ற புள்ளிகளையும் பார்த்தாள். அவை பாஸ் என்று விட்டுவிட்டாள்.

ஒதுக்க ஒதுக்கக் கோடு நிமிர்ந்தது. கோட்டோடு புள்ளிகள் எவ்வளவு ஒட்டியிருக்கின்றன என்று காட்டும் எண் ஒன்றுக்குப் பக்கத்தில் வந்தது. குறை இல்லாத லாட் பாஸானதுபோல அன்றைக்கு அவளுக்கு ஒரு திருப்தி.

"என்ன ஆச்சு?" என்றாள் சபிதா.

"ஒண்ணுமில்லீங்க."

சாப்பாட்டு மணி அடித்தது. மோனிஷா சாப்பிடப் போகவில்லை.

ஆபீஸ் அறையில் யாரும் இல்லை. கம்ப்யூட்டரைத் திறந்தாள். ஒதுக்கிய நாட்களை அவள் அழித்திருக்கவில்லை. ரிஜெக்ட் பீஸையும் யாரும் எரித்துவிடுவதில்லை. பக்கத்து ஷீட்டில் மொத்தமாகப் போட்டு வைத்திருந்தாள். பருத்தி விலை ஏறிய வாரம் அங்கே இருந்தது. அமெரிக்காக்காரன் வரி போட்ட வாரம் இருந்தது. ஆர்டர் நின்று, பல கம்பெனிகள் பாதி நாள் ஓடிய நாட்கள் இருந்தன.

எல்லாவற்றையும் எடுத்து அதனதன் தேதியில் போட்டாள்.

கோடு படுத்துக்கொண்டது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. புள்ளிகள் அதன் மேலும் கீழுமாகச் சிதறிக் கிடந்தன. ஒன்றுக்குப் பக்கத்தில் இருந்த எண் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. இந்தக் கோட்டை வைத்துத் தையைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது என்று அதற்கு அர்த்தம்.

விலை விழும் என்று வந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஓடிப்போய்ச் சொல்ல ஒரு சேதி இருந்திருக்கும்.

அம்மாவின் போனுக்குக் கூப்பிட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மில்லில் போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஷிப்ட் நாலு மணிக்குத்தான் விடும். பங்குச் சந்தை மூன்றரைக்கு மூடிவிடும். அதற்குப் பிறகு இன்றைய விலைக்கு விற்க முடியாது.

அண்ணனைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, கோடு தப்புங்ணா."

"என்ன தப்பு? நேத்து வரைக்கும் சரியாத்தான இருந்துச்சு?"

"எறங்குன நாளையெல்லாம் எடுத்துப்போட்டுக் கோடு போட்டிருக்கறேன். எல்லாத்தையும் சேத்தா ஏறல."

"எறங்குதா?"

"எறங்கவும் இல்ல."

"அப்ப என்னதான் சொல்லுது?"

"ஒண்ணுமே சொல்லலீங்ணா."

அந்தப் பக்கம் மிஷின் சத்தம் நின்றது. அவன் குரலைத் தணித்தான்.

"பாப்பா, இப்ப அம்மாகிட்டச் சொல்லாத. தையில பாத்துக்கலாம்."

"அம்மா தை வரைக்கும் போறதே அந்தக் கோட்ட நம்பித்தானுங்ணா. இன்னைக்கு ராமாயிக்காகிட்ட வேண்டாம்னு வேற சொல்லப் போறாங்க."

"எல்லாருந்தான் நம்பியாச்சு. நான் ஒரு காரியத்துல கால வெச்சுட்டேன். நீ கெடுத்துப் போடாத."

"என்ன காரியம்?"

"சாயங்காலம் ஊட்டுக்கு வா, தெரியும்." வைத்துவிட்டான்.

மோனிஷா சூப்பர்வைசர் அருள்குமாரிடம் போய் நின்றாள்.

"நாளைக்கு பையர் ஆளு வர்றான். இன்னைக்கு உனக்குப் பர்மிஷனா? ஆருக்கு என்ன?"

"அம்மாவப் பாக்கோணுங்க."

"ஒடம்புக்கா?"

"காலுங்க," என்றாள் மோனிஷா. அது பொய்யில்லை.

அருள்குமார் அவுட் பாஸில் கையெழுத்துப் போட்டார். "அந்த ரிஜெக்ட் பெட்டிய மட்டும் பையர் ஆளு கண்ணுல படாத எடமாப் பாத்து வெச்சுட்டுப் போ."

அவள் பெட்டியைப் பார்த்தாள். நிறைந்திருந்தது. அதை நகர்த்தாமல் வெளியே வந்தாள்.

* * *

லிங்கசாமியின் வண்டி அந்த நேரத்துக்கு நெருப்பெரிச்சல் என்ற ஊரில் காலியாக நின்றது. மகள் ஏறி உட்கார்ந்ததும் ஏன் என்று கேட்காமல் வண்டியை எடுத்தார். கொஞ்ச தூரம் போன பிறகுதான் கேட்டார்.

"என்ன கண்ணு, கோடு சாஞ்சு போச்சா?"

"சாயலீங்கப்பா. படுத்துக்கிச்சு."

"படுத்தா நல்லதுதான். உங்கம்மாளும் சித்த படுக்கோணும்."

மோனிஷா சிரிக்கவில்லை. விவரத்தைச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே ஓட்டினார். பனியன் கம்பெனி வண்டிகள் இரண்டு பக்கமும் ஹாரன் அடித்துக்கொண்டு போயின.

"அப்ப விக்கலாமா வேண்டாமான்னு உனக்கே தெரியாது."

"தெரியாதுங்க."

"தெரியாதுன்னு சொல்றதுக்கா டீசல் போட்டுட்டுப் போறோம்?"

"ஆமாங்கப்பா."

"சரி," என்றார் லிங்கசாமி. கியரை மாற்றினார்.

"அம்மாகிட்ட, உனக்கு என்ன வேணும்னு நீங்க எப்பவாச்சும் கேட்டிருக்கறீங்களா?"

"நானா? நான் போயி அப்பிடிக் கேட்டா, எனக்குத்தான் என்னமோ வேணும்னு நெனைச்சு அடுப்பப் பத்த வெப்பா."

மில் கேட்டில் வாட்ச்மேன் பெரியவர் நாற்காலியை விட்டு எழவில்லை.

"ஷிப்ட்டுல இருக்கறவங்களக் கூப்பிட முடியாதும்மா. ஆராச்சும் தவறிட்டாங்களா?"

"இல்லீங்க."

"ஆஸ்பத்திரியா?"

"இல்லீங்க."

"அப்பறம்?"

"ஷேருங்க."

பெரியவர் இப்போது எழுந்தார். "நம்ம மில்லு ஷேரா? நானுங்கூட வெச்சிருக்கறேன். என்னம்மா, விக்கறதா வாங்கறதா?"

"தெரியலீங்க."

"தெரியாமத்தான் இந்த ஓட்டம் ஓடியாந்தியா?" என்றார். ஆனாலும் உள்ளே போனை எடுத்துச் சொன்னார்.

மாரக்காள் வந்தாள். தலையிலும் புருவத்திலும் பஞ்சு. முகத்துணியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டிருந்தாள். காலை ஊன்றி ஊன்றி, ஆனால் வேகமாக வந்தாள்.

"அப்பனுக்கு என்ன ஆச்சு?"

"அப்பா வண்டில இருக்கறாருங்கம்மா. ஒண்ணுமில்ல. கோடு தப்பு."

"எந்தக் கோடு?"

"செவுத்துல இருக்கறது."

மாரக்காளுக்கு மூச்சு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. மோனிஷா காத்திருந்தாள். பிறகு சொன்னாள்.

"அளவு கொறைஞ்ச பீஸாட்ட, வெல எறங்குன நாளையெல்லாம் ஒதுக்கிப் போட்டேன். எச்சா இருந்ததெல்லாம் விட்டுட்டேன். அதனாலதான் ஏறுறாப்பல தெரிஞ்சுச்சு. ரிஜெக்ட் பீஸ ஒதுக்குனா அது கம்பெனியவிட்டே போயிரும். நாளு அப்பிடிப் போகாதுங்கம்மா. அன்னைக்கு வித்திருந்தா அந்த வெலைதான் கெடைச்சிருக்கும்."

"ம்."

"நான் பண்ணுனதுதான். கம்ப்யூட்டரு பண்ணுல."

"ம். இப்ப வெல எச்சாகுமா, கொறையுமா?"

"தெரியலீங்கம்மா."

"உனக்குத் தெரியலையா, கோட்டுக்குத் தெரியலையா?"

"ரெண்டுக்குந்தான்."

மாரக்காள் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே மிஷின்களின் சத்தம் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது.

"தை வரைக்கும் வந்தாப் போதும்னு கால்கிட்டச் சொல்லி வெச்சிருந்தேன்," என்றாள்.

மோனிஷா தரையைப் பார்த்தாள்.

"இன்னைக்கு வெலைக்கு வித்தா?"

"ராமாயிக்கா ஊட்டுக்குச் சரியாப் போயிரும். மிச்சம் இருக்காது. அண்ணனுக்கு மிஷின் வராது. வித்ததுக்குப் பொறவு வெல எச்சாச்சுன்னா அண்ணன் என்னயக் கொன்னு போட்டுரும்."

"விக்காம உட்டு வெல எறங்குச்சுன்னா?"

"நீங்க நடந்துட்டே இருக்கோணும்."

வாட்ச்மேன் பெரியவர் நாற்காலியைக் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நீங்க என்னங்கம்மா நெனைக்கிறீங்க?" என்றாள் மோனிஷா.

இந்தக் கேள்வியைப் போன வாரமும் அதற்கு முந்தின வாரமும் அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை. மாரக்காளுக்கு அதற்குப் பதில் எடுத்து வைத்திருக்கவேண்டும் என்றும் தோன்றியதில்லை. கொஞ்சம் தடுமாறினாள்.

"எனக்கு ஊட்ல உக்காரோணும் கண்ணு," என்றாள். "அவ்வளவுதான். வேற ரோசனை ஒண்ணுமில்ல."

"அப்ப?"

"வித்துப் போடு."

"நீங்கதான் அமுத்தோணும். உங்க பேர்லதான் இருக்குது."

பெரியவர் தொழிலாளர்களின் போன்களை வாங்கி வைக்கும் மரப்பெட்டியில் இருந்து மாரக்காளின் போனை எடுத்துக்கொடுத்தார். அது உயிர்பெற நேரமெடுத்தது. மோனிஷா ஆப்பைத் திறந்து கொடுத்தாள். மாரக்காள் விரலை வைத்தாள். விரல் நுனியில் பஞ்சு ஒட்டியிருந்ததால் போனுக்கு அது விரல் என்று தெரியவில்லை. சேலையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். ஓடிபி எண் வந்தது. மோனிஷா படித்தாள். மாரக்காள் ஒவ்வொன்றாக அமுக்கினாள். சக்கரம் சுற்றியது. நின்றது. விற்றுவிட்டதாக ஒரு வரி வந்தது.

"அவ்வளவுதானா?" என்றாள் மாரக்காள்.

"அவ்வளவுதானுங்கம்மா. பணம் நாளைக்கு பேங்க்ல வந்துரும்."

"நான் என்ன பண்றதும்மா?" என்றார் பெரியவர். "விக்கறதா, வெச்சுக்கறதா?"

"உங்களுக்கு என்ன வேணுங்க?" என்றாள் மாரக்காள். பெரியவர் யோசிக்க ஆரம்பித்தார்.

மாரக்காள் முகத்துணியை ஏற்றிக்கொண்டாள். "ராமாயிக்காகிட்ட வர்றம்னு சொல்லீரு கண்ணு. நான் போறேன். என்ற சைடுல எத்தன இழை அறுந்து கெடக்குதோ."

அவள் உள்ளே போனபிறகு மோனிஷா விலையைப் பார்த்தாள். கொஞ்சம் ஏறியிருந்தது. வண்டி அடுத்த வளைவைத் தாண்டும்போது மறுபடி பார்த்தாள். இறங்கியிருந்தது. ஆப்பை மூடிவிட்டு ராமாயிக்குப் போன் செய்தாள்.

* * *

சாயங்காலம் மாரக்காள் வீட்டுக்குள் நேராக நுழைய முடியவில்லை. வாசலை ஒட்டி, உள்பக்கத்தில் இரண்டு தையல் மிஷின்கள் நின்றன. பழையவை. ஆனால் துடைத்துப் பளிச்சென்று இருந்தன. ஒன்றுக்கு மட்டும் ஸ்டூல் வந்திருந்தது. தரணீதரன் நூல் ஸ்டாண்டைப் பொருத்திக்கொண்டிருந்தான். லிங்கசாமி சமையல்கட்டுப் பக்கம் நின்று, இந்தப் பக்கம் வர வழி தேடிக்கொண்டிருந்தார்.

மாரக்காள் பக்கவாட்டில் திரும்பி உள்ளே வந்தாள்.

"இது எப்ப வந்துச்சு?"

"மத்தியானமுங்கம்மா. அட்வான்ஸ் மட்டுந்தான் குடுத்திருக்கு. பாக்கி தையில தந்தாப் போதும்னு சொல்லீட்டாங்க. கோட்டக் காட்டுனேன். அவங்களே அசந்துட்டாங்க."

மோனிஷா வாசலில் நின்றாள். அண்ணன் அவளைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்திருக்கவேண்டும்.

"சொல்லீட்டியா?"

"சொல்லீட்டா," என்றாள் மாரக்காள். "வித்தும் போட்டாச்சு சாமி. ராமாயிக்காகிட்டயும் சொல்லியாச்சு. வர்ற வெள்ளிக்கெழமை பால் காய்ச்சறம்."

தரணீதரனின் கையில் ஸ்பேனர் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாதவனைப்போல மிஷினின் மேல் வைத்தான், மறுபடி எடுத்தான்.

"ஆரக் கேட்டு வித்தீங்க?"

"அவதான் என்னக் கேட்டா."

"அப்ப இந்த மிஷினுக்கு நான் என்ன சொல்றது? பாக்கிய ஆரு தர்றது?"

மாரக்காள் மிஷின்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மில்லில் நெடுங்காலம் இருந்தவள். ஒரு மிஷினைப் பார்த்தால் அதில் யார் எங்கே நிற்பார்கள் என்றுதான் முதலில் அவளுக்குத் தோன்றும்.

"ஒண்ணுல நீ தைப்ப. இன்னொண்ணுல ஆரு?"

"ஜெயபாண்டி."

"பீஸ எடுத்துக் குடுக்க, நூலு வெட்ட, அடுக்கிக் கட்ட ஆளு வேணுமே. கைமடிக்கு ஆரு?"

தரணீதரன் நூல் ஸ்டாண்டின் திருகாணியை முறுக்கினான். அது ஏற்கனவே முறுகி இருந்தது.

வெளியே பைக் வந்து நின்றது. ஜெயபாண்டி இனிப்புப் பெட்டியோடு உள்ளே வந்தான். தேனிப் பக்கத்துக்காரன். தரணீதரனோடு ஒரே கம்பெனியில் தைக்கிறவன். வந்ததும் சுவரைப் பார்த்தான். பொட்டு வைத்த காகிதம் என்பதால் கோட்டின் முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"யம்மா, வாங்கிக்கங்க. இன்னைக்கோட வேலைய எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன்," என்றான். "எங்க வீட்ல ஒரே சண்டை. இருக்குற வேலைய ஏன்டா விடுறேன்னு. தங்கச்சி போட்ட கோட்டப் போன்ல காட்டுனேன், அப்புறந்தேன் அடங்குனாங்க. கைமடிக்குத்தேன் ஆளு கெடைக்காதுல்ல, அதுதேன் யோசன. தரணி சொன்னான், அம்மா தையோட மில்ல விட்டு நின்னுருவாங்க, வீட்லதேன் இருப்பாங்க, அவங்க பாத்துக்குவாங்கன்னு. அந்தத் தெம்புலதேம்மா எழுதிக் குடுத்தேன்."

யாரும் இனிப்புப் பெட்டியை வாங்கவில்லை. அவன் நீட்டியபடியே நின்றான்.

லிங்கசாமி மெதுவாகச் சொன்னார்: "அட, கெட்டுது போ."

மாரக்காள் மகனைப் பார்த்தாள். அவன் நிமிரவில்லை. அவள் கழுத்தில் இருந்த மில் அடையாள அட்டையைக் கழற்றி, காலண்டர் ஆணியில் மாட்டினாள். அட்டை ஆடி, கோட்டின் மேல் விழுந்து, அதில் பாதியை மறைத்தது. பிறகு ஸ்டூலைக் காலால் இழுத்தாள். மிஷினுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். இரண்டு காலையும் நீட்டிக்கொண்டாள். அவை அறையின் பாதிவரை வந்தன.

"கைமடிக்கு வேற ஆளுப் பாருங்க தம்பி," என்றாள். "அப்பறம், அந்தக் கோட்டப் பத்திப் பாப்பா உங்ககிட்ட ஒண்ணு சொல்லுவா. நின்னுட்டுக் கேக்காதீங்க. உக்காருங்க."

உட்கார அங்கே வேறு இடமில்லை. ஜெயபாண்டி இனிப்புப் பெட்டியை மிஷினின் மேல் வைத்துவிட்டு மோனிஷாவைப் பார்த்தபடி நின்றான்.